ஸ்டர்லிங் இன்ஜினில் வண்டி ஓடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்களுக்கு வழிகாட்டுவது என் வேலைகளில் ஒன்று. வருடா வருடம் ஒரு குழுவாவது "சார், ஸ்டர்லிங் இன்ஜின் வெச்சு ஒரு பைக்" என்று வந்து நிற்கும். அவர்கள் கேட்பதும், யூடியூபில் வீடியோ பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

ஸ்டர்லிங் இன்ஜின்னா என்ன சார்? ஸ்டீம் இன்ஜின் மாதிரியா?

நெருப்பு வெளியே எரிகிறது என்கிற வரைக்கும் ஸ்டீம் இன்ஜின் மாதிரி. ஆனால் இதில் தண்ணீரும் கிடையாது, ஆவியும் கிடையாது. ஒரு வாயுவை (காற்று, ஹீலியம், ஹைட்ரஜன், ஏதோ ஒன்று) உள்ளே அடைத்து மூடிவிடுவார்கள். அதே வாயு சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாறி மாறிப் போய்வரும். சூடானால் விரிந்து பிஸ்டனைத் தள்ளும், குளிர்ந்தால் சுருங்கும். வால்வு இல்லை, உள்ளே வெடிப்பு இல்லை, அதனால் பெரிய சத்தமும் இல்லை.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் லேபிலேயே செய்துவிடலாம். ஒரு சோதனைக் குழாயில் நாலைந்து கோலிக்குண்டு போட்டு, வாயை ரப்பர் கார்க்கால் அடைத்து, அதிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் கண்ணாடி சிரிஞ்சோடு இணைத்துவிடுங்கள். குழாயை நடுவில் ஊசலாடும்படி தாங்கி, கண்ணாடி மூடிய முனையின் கீழே ஸ்பிரிட் விளக்கு, கார்க் அடைத்த முனையின் கீழே சிரிஞ்ச். குண்டுகள் சூடான முனையில் கிடக்கும்போது காற்று முழுக்கக் குளிர்ந்த பக்கம் நிற்கும். குண்டுகள் இந்தப் பக்கம் உருண்டதும் காற்று சூட்டுப் பக்கம் போய் விரியும், சிரிஞ்ச் எழும்பிக் குழாயைத் தூக்கும், குண்டுகள் திரும்ப உருளும். டக், டக் என்று விளக்கு அணைகிற வரை ஆடிக்கொண்டே இருக்கும். இதில் கோலிக்குண்டு செய்கிற வேலையைச் செய்யும் உறுப்புக்கு டிஸ்ப்ளேசர் என்று பெயர்.

யார் கண்டுபிடிச்சது? புது டெக்னாலஜியா?

டீசல் இன்ஜினை விடப் பழையது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டர்லிங் என்ற பாதிரியார் 1816-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1818-ல் ஒரு கல் குவாரியில் தண்ணீர் இறைக்க இப்படி ஓர் இன்ஜின் ஓடியது. 1840-களில் அவர் தம்பி ஜேம்ஸ் டண்டீ நகரில் ஓர் உலோக வார்ப்படத் தொழிற்சாலையின் நீராவி இன்ஜினையே இந்த முறைக்கு மாற்றினார். நன்றாகத்தான் ஓடியது, ஆனால் நெருப்புப் படும் சூட்டை அன்றைய வார்ப்பிரும்பு தாங்கவில்லை, சிலிண்டர்கள் அடிக்கடி வீணாகிக் கடைசியில் பழைய நீராவிக்கே திரும்பிவிட்டார்கள். சூடான பக்கத்து உலோகம்தான் தலைவலி என்பது அன்றே தெரிந்துவிட்டது, இன்றுவரை மாறவில்லை.

ரீஜெனரேட்டர்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இல்லாம ஓடாதா?

ஓடும், ஆனால் எரிபொருளைத் தின்னும். வாயு சூட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கத்துக்குப் போகும் வழியில் மெல்லிய கம்பி வலைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். போகும்போது வாயு தன் சூட்டை அதில் விட்டுச் செல்லும், திரும்பி வரும்போது அதையே எடுத்துக்கொள்ளும். இது இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சூட்டை முழுக்க நெருப்பிலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். ஸ்டர்லிங்கின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் கருத்து, சூடான காற்றில் ஓடும் இன்ஜின் யோசனை அவருக்கு முன்பே இருந்தது.

ஆன்லைன்ல வாங்கின பொம்மை டீ டம்ளர் சூட்டுலயே சுத்துது. அதையே பெருசா செஞ்சா பைக் ஓடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். ஸ்டர்லிங் இன்ஜின்களுக்கு பீல் எண் என்றொரு கைக்கணக்கு உண்டு: சராசரி அழுத்தம், பிஸ்டன் தள்ளும் கன அளவு, வினாடிக்கு எத்தனை சுற்று, இந்த மூன்றையும் பெருக்கி அதில் சுமார் 0.15 பங்கு எடுத்தால் வாட்டில் சக்தி கிடைக்கும். நன்றாகச் சூடேற்றிய, நன்றாகச் செய்த இன்ஜினுக்குத்தான் இந்த 0.15.

500 சிசி, உள்ளே சாதாரணக் காற்றழுத்தம், நிமிடத்துக்கு 1000 சுற்று என்று வையுங்கள். வருவது 125 வாட். ஒரு மிக்ஸி மோட்டார்கூட இதைவிட அதிகம். அதே இன்ஜினில் 150 மடங்கு அழுத்தத்தில் வாயுவை அடைத்தால் 19 கிலோவாட் அளவுக்குப் போகும், பைக் என்ன, சின்னக் காரே ஓடும். அதனால் பெரிதாக்குவதில் பெரிய பலன் இல்லை, அழுத்தத்தை ஏற்ற வேண்டும். அழுத்தம் ஏறியதும் கனமான உலோகம், சீல், கசிவு என்று மொத்தக் கதையும் மாறிவிடும். டீ டம்ளர் பொம்மைக்கு வெப்பநிலை வித்தியாசமும் சொற்பம், ஒரு வாட் எடுப்பதே பெரிய விஷயம்.

நிஜமாவே கார்ல வெச்சு ஓட்டியிருக்காங்களா, இல்ல எல்லாம் பேப்பர்லதானா?

ஓட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒன்றிரண்டு அல்ல. நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம் 1930-களின் இறுதியில் இதைத் தூசி தட்டி எடுத்தது. மின்சாரம் இல்லாத ஊர்களில் ரேடியோவுக்கு மின்சாரம் தரும் சின்ன, சத்தமில்லாத ஜெனரேட்டர் வேண்டும் என்பதுதான் நோக்கம். டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ பேட்டரியிலேயே பாட ஆரம்பித்ததும் அந்தச் சந்தை போய்விட்டது. ஆனால் இன்ஜின் ஆராய்ச்சியை அவர்கள் விடவில்லை, ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் அதிக அழுத்தத்தில் அடைத்துக் கணிசமான சக்தி எடுத்தார்கள். 1971-ல் ஒரு டாஃப் பஸ்ஸில் பொருத்தி ஓட்டினார்கள்.

1972-ல் ஃபோர்டு ஃபிலிப்ஸோடு கைகோத்தது. 170 குதிரைசக்தி இன்ஜின் ஒன்றை டொரினோ காரில் வைத்து ஓட்டிப் பார்த்து, 1978-ல் விலகிக்கொண்டது. அதே 1978-ல் அமெரிக்க எரிசக்தித் துறை பணம் போட, நாசா மேற்பார்வை பார்க்க, எம்டிஐ என்ற நியூயார்க் மாநில நிறுவனமும் ஸ்வீடனின் யுனைடெட் ஸ்டர்லிங்கும் சேர்ந்து கார் இன்ஜின் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதே அளவு பெட்ரோல் காரை விட 30 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்பது இலக்கு. ஏஎம்சி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கார்கள், விமானப்படை வேன், கடைசியில் மோட் 2 என்ற இன்ஜினோடு 1985 மாடல் செவர்லே செலிப்ரிட்டி என்று போனது.

மோட் 2 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் ஸ்டர்லிங்கின் உச்சம் அதுதான். வி வடிவ நான்கு சிலிண்டர், உள்ளே ஹைட்ரஜன், 150 பார் அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 150 மடங்கு), சூடேறும் குழாய்கள் 820 டிகிரி செல்சியஸ். 62 கிலோவாட் சக்தி, உச்சத் திறன் (எரிபொருளின் சூட்டில் வேலையாக மாறும் பங்கு) 38.5 சதவீதம். செலிப்ரிட்டி காருக்கு லிட்டருக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும் என்று வடிவமைப்புக் கணக்கு சொன்னது, அதே கார் பெட்ரோல் இன்ஜினில் 13 சொச்சம்தான்.

மைலேஜ் கூடக் குடுத்துச்சுன்னா ஏன் சார் விட்டாங்க? ஆயில் கம்பெனி சதியா?

இந்த இன்ஜினும் பெட்ரோலிய எண்ணெயைத்தானே எரித்தது, சதி செய்து அவர்களுக்கு என்ன வரப்போகிறது? இதில் ஆர்வம் பிறந்ததற்கு இரண்டு காரணங்கள்: 1970-ல் வந்த அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டம், 1973-ல் வந்த எண்ணெய் நெருக்கடி. ஸ்டர்லிங்கில் தீ நிதானமாக, தொடர்ச்சியாக எரிவதால் எரியாத ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் மிகக் குறைவு. ஆனால் 1975-லிருந்து பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது, பின்னாலேயே மின்னணு எரிபொருள் செலுத்தியும் வந்தது. புகைப் பிரச்சினை ஒரு டப்பாவில் தீர்ந்துவிட்டது. 1986-ல் எண்ணெய் விலை விழுந்தது. ஏற்கெனவே கோடிக்கணக்கில் உற்பத்தியாகும், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் போடும் ஒரு இன்ஜினை மாற்றிவிட்டு, 820 டிகிரியில் ஹைட்ரஜனை அடைத்து வைக்கும் இன்ஜினுக்குப் புதிதாகத் தொழிற்சாலை கட்ட யார் முன்வருவார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 1980-களில் 38.5 சதவீதம் பெரிய எண். 2015-ல் வந்த டொயோட்டா ப்ரியஸின் பெட்ரோல் இன்ஜின் 40 சதவீதம் தொட்டுவிட்டது. எதிராளி நின்ற இடத்தில் நிற்கவில்லை.

கார்னோ கணக்குப் போட்டா 70 சதவீதம் வருதே, 38 தானா?

சூடு, குளிர் இரண்டின் வெப்பநிலையை மட்டும் வைத்து அதிகபட்சத் திறனைச் சொல்வதுதான் கார்னோ கணக்கு. உங்கள் கணக்கு சரி. 820 டிகிரி சூடு, 60 டிகிரி குளிர் என்று எடுத்தால் கிட்டத்தட்ட 70 வரும். அது வாயுவுக்குள் எதுவுமே வீணாகாத கற்பனை இன்ஜினுக்கு. நிஜத்தில் பர்னரின் சூட்டில் ஒரு பங்கு புகையோடு போகிறது, சூட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கத்துக்கு உலோகம் வழியாகவே சூடு கசிகிறது, கம்பி வலைக்குள் வாயுவை இழுத்துத் தள்ள சக்தி செலவாகிறது, சீல் உராய்வு, காற்று ஊதும் ஃபேன், பம்ப். எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் 38.5. பெட்ரோல் இன்ஜினுக்கும் ஏட்டுக் கணக்கு இதே மாதிரி பெரிதாகத்தான் வரும்.

சாவி போட்ட உடனே கிளம்புமா?

கிளம்பாது. முதலில் பர்னர் எரிந்து குழாய்கள் சூடேற வேண்டும். கார் இன்ஜின்களில் இதைச் சில பத்து வினாடிகளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்வரும் வண்டிக்கு, உலோகத்தைச் சூடேற்றிய எரிபொருள் முழுக்க ஒவ்வொரு முறையும் தண்டம்.

ஆக்சிலரேட்டர் மிதிச்சா எப்படி வேகம் கூடும்? தீயைக் கூட்டணுமா?

தீயைக் கூட்டிக் குறைத்து ஓட்டவே முடியாது. அடுப்பைச் சிம்மில் வைத்த பிறகும் தோசைக்கல் கருக்கிக்கொண்டே இருப்பதில்லையா, அந்தக் கதைதான். பிரேக் போட வேண்டிய நேரத்தில் இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் தீயின் வேலை சூட்டை ஒரே அளவில் வைத்திருப்பது மட்டும். சக்தியைக் கூட்ட உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். ஒரு சிலிண்டர் பாட்டிலில் ஹைட்ரஜன் இருக்கும். மிதித்தால் அதிலிருந்து இன்ஜினுக்குள் பாயும், காலை எடுத்தால் ஒரு சின்ன கம்ப்ரசர் அதைத் திரும்பப் பாட்டிலுக்குள் தள்ளும். கம்ப்ரசர் தள்ளி முடிக்க நேரம் ஆகும் என்பதால், உடனடியாகச் சக்தியைக் குறைக்க வாயுவைக் குறுக்கு வழியில் சுற்றவிட்டு வீணாக்கவும் ஒரு வால்வு வேண்டும். பிஸ்டன்கள் தள்ளிச் சுழற்றும் சாய்ந்த தட்டின் (சாய்தட்டு) கோணத்தை மாற்றி ஸ்ட்ரோக்கையே கூட்டிக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டுமே வேலை செய்தன, இரண்டுமே சிக்கலும் செலவும் பிடித்தவை. வால்வே இல்லாத எளிய இன்ஜின் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அந்த எளிமை காருக்குள் வந்ததும் இப்படிப் போய்விடுகிறது.

ஹைட்ரஜன் எதுக்கு, காத்தையே போட்டா என்ன? ஹைட்ரஜன் வெடிக்காதா?

காற்றைப் போடலாம், இன்ஜின் பெரிதாகிவிடும். ஹைட்ரஜன் சூட்டை வேகமாக வாங்கி வேகமாக விடும், கம்பி வலைக்குள் உராயாமல் நழுவும், அதனால் அதிக சுற்றில் ஓட்டலாம். ஹீலியம் அடுத்தபடி. அதிக அழுத்தத்தில் காற்று இன்னொரு ஆபத்து, கிராங்க்கிலிருந்து எண்ணெய் உள்ளே வந்தால் தீப்பிடிக்கும்.

வெடிப்புப் பயம் பெரிதாக வேண்டாம், உள்ளே இருப்பது கிராம் கணக்கில்தான். உண்மையான தொல்லை கசிவு. பிஸ்டன் தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ளே 150 பார், வெளியே எண்ணெய். அந்த ஒரு சீல்தான் ஃபிலிப்ஸிலிருந்து எம்டிஐ வரை எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. சீல் கெட்டியாகவே நின்றாலும் சிவக்கச் சூடான உலோகத்தின் வழியாகவே ஹைட்ரஜன் மெல்ல ஊடுருவி வெளியேறும். எப்போதாவது நிரப்பியாக வேண்டும். சூடு தாங்கும் குழாய்களுக்கு முதலில் கோபால்ட் கலந்த விலையுயர்ந்த உலோகம் போட்டார்கள், மோட் 2 வரும்போது இரும்பு சார்ந்த கலவைக்கு மாறினார்கள். ஜேம்ஸ் ஸ்டர்லிங்கின் சிலிண்டர் பிரச்சினைதான், நூற்று நாற்பது வருடம் கழித்து.

ரேடியேட்டர் பெருசா வேணும்னு சொல்றாங்களே, ஏன்?

பெட்ரோல் இன்ஜினில் வீணாகும் சூட்டில் பெரும் பங்கு சைலன்சர் வழியாகத் தானாகவே ஓடிவிடும். ஸ்டர்லிங்கில் வாயு வெளியே போவதே இல்லை, அதனால் வீண் சூட்டின் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமக்க வேண்டும். அதே சக்திக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ரேடியேட்டர். போதாததற்கு, குளிர்ப் பக்கம் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு திறன். பெட்ரோல் காரில் கூலன்ட் 95 டிகிரியில் இருந்தால் கவலையில்லை, இதில் ஒவ்வொரு டிகிரிக்கும் விலை உண்டு. சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும் வண்டி என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த எரிபொருளும் போடலாமாமே? அப்போ விறகு, உமி, சமையல் எண்ணெய்?

எண்ணெய் வகையறா சரி. விமானப்படை வேனில் பெட்ரோல், டீசல், ஜெட் எரிபொருள் மூன்றிலும் ஓட்டினார்கள். ஃபிலிப்ஸ் ஒரு செயல்விளக்கத்தில் சாலட் எண்ணெய் வரை மாற்றி மாற்றி எரித்துக் காட்டியது. விறகும் உமியும் நின்ற இடத்து இன்ஜினுக்குப் பொருந்தும், அங்கேயும் சாம்பல் படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி சுரண்ட வேண்டும். ஓடும் வண்டியில் அடுப்பு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்ம ஊர் வெயிலுக்கு சோலார் ஸ்டர்லிங் கார் செய்யலாமே?

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். கார் கூரை 4 சதுர மீட்டர் என்றால் மொத்தமே 4 கிலோவாட் சூடு, அதில் கால்வாசி கிடைத்தால் ஒரு கிலோவாட். அதற்கும் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும், கண்ணாடி சூரியனை நோக்கியே திரும்ப வேண்டும். 2008-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் சூரிய ஒளியில் 31.25 சதவீதத்தை மின்சாரமாக்கிச் சாதனை படைத்த ஸ்டர்லிங் அமைப்பு 25 கிலோவாட்தான், அதன் கண்ணாடித் தட்டின் விட்டம் 11 மீட்டருக்கு மேல். கூரையில் சாதாரண சோலார் பேனலை ஒட்டிவிட்டுப் போவது எளிது.

சைலன்சர் சூடு வீணாத்தானே போகுது, அதுல ஒரு ஸ்டர்லிங் வெச்சா?

செய்யலாம், லாரிக்கும் கப்பலுக்கும் யோசிக்கலாம். பைக்குக்கு வேண்டாம். சைலன்சரில் மூன்று நான்கு கிலோவாட் சூடு போகிறது என்றால், சின்ன இன்ஜினில் பத்து சதவீதம் எடுப்பதே கெட்டிக்காரத்தனம். முந்நூறு நானூறு வாட்டுக்காக ஒரு சூடேற்றி, ஒரு ரேடியேட்டர், இன்னும் சில கிலோ இரும்பு. அந்த எடையைச் சுமப்பதிலேயே பாதி போய்விடும்.

அப்போ ஹைப்ரிட்ல போடலாமே? ஒரே வேகத்துல ஓடி பேட்டரி சார்ஜ் பண்ணா உங்க ஆக்சிலரேட்டர் பிரச்சினையே இல்லையே?

நல்ல கேள்வி, கேட்டவர் மேலே எல்லாவற்றையும் படித்திருக்கிறார். ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1969-லேயே செய்து பார்த்தது: ஓப்பல் காடெட் காரில் சின்ன ஸ்டர்லிங், ஈய பேட்டரிகள், மின் மோட்டார். 2008-ல் டீன் கேமன் (செக்வே கண்டுபிடித்தவர்) திங்க் என்ற மின்சாரக் காரின் பின்பக்கத்தில் ஸ்டர்லிங் வைத்துக் காட்டினார், அது பேட்டரியை சார்ஜ் செய்வதோடு காருக்குள் சூடும் தரும்.

ஆக்சிலரேட்டர் பிரச்சினை நிஜமாகவே போய்விடுகிறது, சூடேறும் நேரமும் பொருட்டில்லை. ரேடியேட்டர், சீல், விலை மூன்றும் அப்படியே இருக்கின்றன. எப்போதாவது ஓடப்போகும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டருக்கு (மின்சாரக் காரில் பேட்டரி தீரும்போது சார்ஜ் செய்யும் துணை இன்ஜின்) மக்கள் எதிர்பார்ப்பது மலிவான, சின்ன இன்ஜின். அதற்குப் பழைய பெட்ரோல் இன்ஜினே போதும். பேட்டரி விலை இறங்க இறங்க அதுவும்கூடத் தேவையா என்ற கேள்வி வந்துவிட்டது.

எந்த வண்டியிலயும் சரிப்படலயா?

நீர்மூழ்கிக் கப்பலில் பிரமாதமாகச் சரிப்பட்டது. ஸ்வீடன் 1988-ல் நெக்கன் என்ற கப்பலில் சோதித்துவிட்டு, 1990-களில் காட்லாண்ட் வகைக் கப்பல்களில் ஆளுக்கு இரண்டு 75 கிலோவாட் ஸ்டர்லிங் வைத்தது. டீசலும் திரவ ஆக்சிஜனும் எரித்து, மேலே வராமல் வாரக்கணக்கில் மெதுவாகப் போகும். மேலே சொன்ன குறைகளை வரிசையாகப் பாருங்கள்: கடல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், ரேடியேட்டரே வேண்டாம். ஒரே வேகம், ஆக்சிலரேட்டர் சிக்கல் இல்லை. சத்தமின்மைக்கு எவ்வளவு விலையும் கொடுக்கும் வாடிக்கையாளர். அமெரிக்கக் கடற்படை 2005-லிருந்து இரண்டு வருடம் காட்லாண்டை ஆட்களோடு வாடகைக்கு எடுத்து, அதைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டது.

ஜப்பானும் சோர்யூ வகையில் நான்கு நான்காகப் பொருத்தியது. ஆனால் 2020-ல் சேர்ந்த ஓர்யூவிலிருந்து ஸ்டர்லிங்கை எடுத்துவிட்டு லித்தியம் அயன் பேட்டரி வைத்துவிட்டார்கள்.

சரி சார், ப்ராஜெக்டுக்கு எடுக்கலாமா வேண்டாமா?

தாராளமாக எடுங்கள், "ஸ்டர்லிங் பைக்" என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். காற்றழுத்தத்திலேயே ஓடும் ஒரு சின்ன இன்ஜின் செய்து, ரீஜெனரேட்டர் இல்லாமல் ஒரு முறை, ஸ்டீல் உல் (மெல்லிய இரும்பு நார்) அடைத்து ஒரு முறை, ஓட்டி அளந்து பாருங்கள். சக்கரத்தில் ஒரு கயிறு சுற்றி, ஒரு முனையில் எடை, மறுமுனையில் ஸ்பிரிங் தராசு கட்டி, சுற்று வேகத்தையும் எண்ணினால் சக்தி அளந்துவிடலாம். பிஸ்டனுக்குக் கண்ணாடி சிரிஞ்ச்தான் நல்லது, பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் உராய்வே மொத்த சக்தியையும் தின்றுவிடும், எண்ணெயும் விடாதீர்கள், காய்ந்த கண்ணாடியே வழுக்கும். ஓடவில்லை என்றால் முதலில் சூட்டைக் கூட்டாதீர்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைப் பாருங்கள், அடுத்து குளிர்ப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள்.